வலது களத்தில் 21ஆம் இலக்கம்

எமது கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் மலருக்கு எழுதும்படி கேட்டபோது, கல்லூரி மைதானத்தைப் பற்றி எழுதுவதென்றே முடிவு செய்திருந்தேன். எழுத உட்கார்ந்ததும் மனதில் வந்து நின்றவரோ அந்த மைதானத்தை ஒருநாளும் கண்டிராத, எனக்கு நடை பழகிய வயதில் இறந்துபோன, ரொபேர்ட்டோ கிளெமென்டே என்ற பேஸ்போல் வீரர். அவரிடம் என்னைக் கொண்டு சேர்த்தது அந்த மைதானந்தான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பதினேழு வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட் அணியில் எனக்கு எப்போதும் எல்லைக்கோட்டில்தான் இடம். பயிற்சி முடிந்த பின்னும் எங்கள் மாஸ்டர் என்னை விடமாட்டார். வேலியோர வேப்பமரத்தடியில் நிறுத்தி, பந்தை உருட்டிவிட்டு, அதை ஓடி எடுத்து ஒரேயொரு குத்தில் விக்கெட் காப்பாளரின் கைக்கு எறியச் சொல்வார். பந்து ஸ்டம்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் போய்ச் சேர வேண்டும். அதற்குக் கூடினாலும் குறைந்தாலும் திரும்பவும் எறிய வேண்டும். பின்னேரம் இருட்டும் வரை காப்பாளராக நின்ற என் நண்பனும் நானும் அந்த ஒன்றையே செய்துகொண்டிருப்போம்.

1996இல் மேற்படிப்புக்காகப் பிற்ஸ்பேர்க் நகரம் வந்தேன். பல்கலைக்கழக வளாகத்துக்குள் கொடி படர்ந்த பழைய செங்கல் மதிலொன்று இருக்கிறது. 1909இல் திறக்கப்பட்ட ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் என்னும் பேஸ்போல் அரங்கில் இடிபடாமல் எஞ்சிய துண்டு அது. ஒக்டோபர் 13ஆம் திகதி அந்த மதிலடியில் கூட்டமொன்று கூடி, பழைய வானொலி வர்ணனை ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தது. 1960இல் அதே நாளில் பிற்ஸ்பேர்க்கின் பைரேட்ஸ் அணி நியூயோர்க் யாங்கீஸ் அணியை வென்று, அமெரிக்க பேஸ்போலின் இறுதிக் கிண்ணத் தொடரான உலகத் தொடரைக் கைப்பற்றிய ஆட்டத்தின் பதிவு அது. வெற்றியைத் தந்த அடி பில் மஸெரோஸ்கியுடையது. ஆனால் என் பக்கத்தில் நின்ற முதியவர் பேசியதெல்லாம் வலது வெளிக்களத்தில் நின்ற கிளெமென்டேயைப் பற்றித்தான். அங்கிருந்து அவர் எறியும் பந்தைப் பார்ப்பதற்கென்றே காசு கொடுத்து வந்தோம் என்றார். எல்லைக்கோட்டில் வளர்ந்த எனக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.

கிளெமென்டே 1934 ஆகஸ்ட் 18ஆம் திகதி புவேர்ட்டோ ரிக்கோவின் கரோலினாவில் பிறந்தவர். தந்தை கரும்புத் தோட்டத்தில் கங்காணி வேலை பார்த்தவர். ஏழு பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. பாடசாலையில் ஈட்டி எறிந்து பழகிய கை அது. 1954இல் புரூக்ளின் டொட்ஜர்ஸ் அவரை ஒப்பந்தம் செய்து மொன்றியலில் இருந்த தன் கிளை அணிக்கு அனுப்பியது. அங்கே அவரை அதிகம் இறக்காமல் ஓரத்திலேயே இருத்தி வைத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பைரேட்ஸ் அவரைத் தெரிவு செய்துகொண்டது. 1955 முதல் 1972 வரை பதினெட்டுப் பருவங்கள், ஒரே அணி. நான்கு முறை லீக்கில் துடுப்பாட்டச் சராசரியில் முதலிடம். களத்தடுப்புக்கான தங்கக் கையுறை விருது தொடர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள். வெளிக்களத்திலிருந்து எறிந்து ஓட்டக்காரர்களை ஆட்டமிழக்கச் செய்ய அவர் துணைநின்ற தடவைகள் 266.

இத்தனை எண்களைவிட என்னை அவரோடு ஒட்டவைத்தது அவருடைய பெயர். ரொபேர்ட்டோ என்பது நாவுக்குப் பாரமென்று சொல்லிப் பத்திரிகைக்காரர்கள் அவரை ‘பொப்’ ஆக்கினார்கள். விற்பனைக்கு வந்த பேஸ்போல் அட்டைகளிலும் பல ஆண்டுகள் அப்படியே அச்சிட்டார்கள். அவருடைய ஆங்கில உச்சரிப்பை எழுத்தெழுத்தாகக் குதறிச் செய்தியில் போட்டார்கள். தன் பெயர் ரொபேர்ட்டோ என்று அவர் சலிக்காமல் திருத்திக்கொண்டே இருந்தார். ஸ்பானிய முறைப்படி தந்தை வழிப்பெயர் கிளெமென்டே முதலிலும் தாய் வழிப்பெயர் வோக்கர் பின்னும் வரும். அந்த முழுப்பெயரில் உள்ள எழுத்துக்களை எண்ணித்தான் தன் சட்டைக்கு 21ஐத் தெரிந்தெடுத்தார் என்பார்கள். அவர் இறந்த பின் 1973இல் பேஸ்போல் புகழ்மண்டபத்தில் வைத்த தகட்டிலோ ‘வோக்கர்’ நடுவில் செருகப்பட்டிருந்தது. அதைச் சரியாக வார்த்து மாற்ற 2000ஆம் ஆண்டு வரை சென்றது. குடிவரவுப் படிவத்தில் தந்தையின் பெயர் தன் பெயராகி, தன் பெயர் காணாமற்போன எம்மவர்களுக்கு இந்த இருபத்தேழு ஆண்டுகளின் கனம் விளங்கும். நான் முதலில் வேலை செய்த இடத்திலும் என் பெயரை மூன்றெழுத்தாக வெட்டினார்கள். நான் கிளெமென்டேயை நினைத்து, ஒவ்வொரு முறையும் முழுப்பெயரையே சொன்னேன்.

1971ஆம் ஆண்டு உலகத் தொடரின் பதிவை அம்மா இங்கே வந்திருந்தபோது வீட்டில் போட்டுக்காட்டினேன். இரண்டாவது ஆட்டத்தில் வலதுபக்கக் கோட்டருகே ஓடிப் பந்தைப் பிடித்து, உடலை ஒரு முழுச்சுற்றுச் சுழற்றி ஓட்டக்காரர் ஓடிவரும் மூன்றாம் தளத்துக்கு எறிகிறார். ஓட்டக்காரர் மயிரிழையில் தப்பிவிடுகிறார். ஆனாலும் இன்றுவரை பேசப்படுவது அந்த எறிதான். ஏழு ஆட்டங்களிலும் அடித்து, 0.414 சராசரியோடு, அதாவது பத்துத் தடவைக்கு நான்குக்கு மேல் வெற்றி அடி (ஹிட்) என்ற கணக்கில், தொடரின் சிறந்த வீரரானார். வெற்றிக்குப் பின் ஒலிவாங்கி முன் வந்தவர், ஆங்கிலத்தில் பேசுமுன் ஸ்பானிய மொழியில், தன் பிள்ளைகளுக்கு ஆசி கூறித் தன் பெற்றோரின் ஆசியை வேண்டினார். நான் பொருள் சொன்னதும் அம்மா கதிரையில் நிமிர்ந்து, “ஆரடா இந்தப் பிள்ளை? தாய் தேப்பனையெல்லோ முதல்ல கேக்குறான்” என்றார். அந்தக் காட்சியை மூன்று தரம் திருப்பிப் போடச் சொன்னார்.

1972 செப்டெம்பர் 30ஆம் திகதி தன் 3000ஆவது ஹிட்டை அடித்து இரண்டாம் தளத்தில் நின்று தலைக்கவசத்தை உயர்த்தினார். பருவகால ஆட்டங்களில் அதுவே கடைசி. டிசம்பர் 23இல் நிக்கரகுவாவின் மனாகுவா நிலநடுக்கத்தில் நொருங்கியது. சில வாரங்களுக்கு முன்புதான் புவேர்ட்டோ ரிக்கோ அணியைப் பயிற்றுவிப்பாளராக அங்கே அழைத்துப் போயிருந்தார். அனுப்பிய உதவிப் பொருட்கள் சனத்திடம் சேராமல் படையினர் கையில் சிக்குவதை அறிந்து, தானே கொண்டுபோய்க் கொடுப்பதென்று புறப்பட்டார். டிசம்பர் 31 இரவு, அளவுக்கு மீறிப் பாரமேற்றிய பழைய டிசி-7 விமானம் சான் ஹுவான் கரைக்கு அப்பால் கடலில் வீழ்ந்தது. அவருக்கு வயது 38. உடல் கிடைக்கவில்லை.

கரோலினாவில் அவருக்காக நடந்த நினைவுத் திருப்பலிக்கு அணியினர் வந்திருந்தனர். ஒருவர் மட்டும் அங்கே இல்லை. வலது களத்திலிருந்து வரும் அந்த எறிகளைக் காப்பாளராக நின்று கைக்குள் வாங்கிய மனி சங்கியென், அந்நேரம் சுழியோடிகளோடு கடலில் இறங்கித் தேடிக்கொண்டிருந்தார்.