பர்மா தேக்கும் ரங்கூன் குண்டும்

செட்டிநாட்டு மாளிகை வீடுகளைப் பார்க்கக் கானாடுகாத்தானுக்குப் போகிற எல்லாரும் எடுக்கிற படத்தைத்தான் நானும் எடுத்தேன். முகப்பில் வரிசையாக நிற்கும் பர்மா தேக்குத் தூண்கள், ஒருவர் கட்டிப்பிடித்தால் கை எட்டாது. ஆத்தங்குடித் தரை, சாப்பாடு எல்லாம் எத்தனையோ பேர் எழுதியாச்சு, விட்டுவிடுகிறேன்.

வீட்டைச் சுற்றிக் காட்டிய பெரியவருக்கு எண்பது தாண்டியிருக்கும். பட்டாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், மாட்டியிருந்த ஒரு படத்தைக் காட்டி, "எங்கய்யா ரங்கூன்ல முகல் தெருவுல பெட்டியடி பாத்தாக, குண்டு போட்டப்போ அங்கதான் இருந்தாக" என்றார். பெட்டியடி என்றால் வட்டிக்கடையில் கல்லாக் கணக்குப் பார்ப்பது. குண்டு போட்டது 1941 டிசம்பர் 23 அன்று. ஜப்பான் விமானங்கள் வந்தபோது ஜனங்கள் பதுங்காமல் தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்திருக்கிறார்கள், அதனாலேயே சாவு அதிகம். கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும் போட்டார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நம்மூர், ஆந்திரக் கூலிகள் பயந்து ஓடினார்கள், அப்புறம் லட்சக்கணக்கானோர் காடு மலை தாண்டி நடந்தே இந்தியாவுக்குக் கிளம்பி, வழியிலேயே காலராவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார்களின் சொத்து போன கதை எல்லாருக்கும் தெரியும், இந்தக் கூலிகளின் கதையை யார் பேசுகிறார்கள்?

"அதுக்குத்தான் அமெரிக்காக்காரன் ஜப்பான்காரனுக்குத் திருப்பிப் போட்டான், கணக்கு நேராயிருச்சு" என்றார் பெரியவர்.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "என்னய்யா, வட்டிக்கடை வச்ச வீட்டுல இப்படிச் சொல்றீங்க, கடன் வாங்குனவன் ஒருத்தன், ஜப்தி பண்றது பக்கத்து வீட்டுலயா?" என்றேன். சிரித்துவிட்டார். 1945 மார்ச் 10 அன்று ஒரே ராத்திரியில் டோக்கியோவில் எரிந்து செத்தவர்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். மரவீடுகள் நெருக்கமாக இருந்த பகுதி என்று தெரிந்தே தீக்குண்டு போட்டார்கள். ஊர் ஜனங்கள் மேல் குண்டு போடாதீர்கள் என்று 1939 செப்டம்பர் 1 அன்று சண்டையில் இறங்கக்கூடிய நாடுகளுக்கு வேண்டுகோள் விட்டது அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், போட்டதும் அவர் நாடுதான்.

"போடாம விட்டிருந்தா சண்டை இழுத்துக்கிட்டே போயிருக்கும்ல, இன்னும் எத்தனை பேர் செத்திருப்பாக?"

இதைச் சுலபமாகத் தள்ள முடியாது. ஆனால் சீனாவுக்கு ஆயுதம் போன வழி ரங்கூன் துறைமுகம்தான், அதை முடக்கினால் சீனச் சண்டை சீக்கிரம் முடியும் என்று ஜப்பான்காரனும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பான். ஒருத்தனுக்கு அந்த நியாயம் செல்லும் என்றால் உங்களய்யா தெருவில் விழுந்த குண்டுக்கும் செல்லுமே என்றேன்.

"அதெப்படி, துறைமுகத்துல போடறது வேற, சனங்க மேல போடறது வேற" என்று சட்டென்று குரல் உயர்ந்தது அவருக்கு.

அதையேதான் 1977-ல் சண்டைக்கான சர்வதேச விதிகளான ஜெனீவா உடன்படிக்கையின் கூடுதல் நெறிமுறையில் எழுதி வைத்தார்கள், ஒரு ஊரையே மொத்தமாக ஒரு இலக்காக வைத்துக் குண்டு போடக் கூடாது என்று. அமெரிக்கா கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்றுவரை அங்கீகரிக்கவில்லை. இந்தியா அதில் சேரவே இல்லை என்றேன்.

"நம்மாளுகளுமா?" என்றார்.