மூன்று மொழிக்கும் ஒரே வடிவம்: லத்தீன், இத்தாலியம், ஸ்பானியம்

ஜூன் 3

லத்தீனுக்கும் அதிலிருந்து பிறந்த இத்தாலியம், ஸ்பானியத்துக்கும் பொதுவான சொல்வடிவங்களைத் தேடி அட்டவணை போட, வினைச்சொல்லில் தொடங்குவதே சுலபம். அமோ (நேசிக்கிறேன்), வீவோ (வாழ்கிறேன்), வென்தோ (விற்கிறேன்). தன்மை ஒருமை நிகழ்காலத்தில் இவை மூன்று மொழியிலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றே. படர்க்கையில் லத்தீனின் ‘அமத்’ கடைசி ஒற்றை இழந்து, மற்ற இரண்டிலும் ‘அமா’ ஆனது. அதே எழுத்துக்கள் லத்தீனில் ‘நேசி’ என்ற ஏவல்.

ஜூன் 4

முன்னிலை ஒருமையில் ஸ்பானியமும் லத்தீனும் ஒரு கட்சி: அமாஸ், தாஸ் (கொடுக்கிறாய்), எராஸ் (இருந்தாய்), அமாபாஸ் (நேசித்துக்கொண்டிருந்தாய்). இத்தாலியத்தில் சொல்லிறுதி ஸகரம் நிற்கவில்லை. அமி, தாய், எரி, அமாவி என்றாகிவிட்டது. ஆனால் ‘அமாரே’ (நேசிக்க), ‘அமாதே’ (நேசியுங்கள்) இரண்டையும் உயிரெழுத்தோடு காப்பாற்றியது இத்தாலியம்தான். ஸ்பானியத்தில் அமார், அமாத்.

எழுத்து ஒத்தால் போதாது, அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். ‘நேசித்துக்கொண்டிருந்தோம்’ லத்தீனில் அமாபாமுஸ், அழுத்தம் மூன்றாம் அசையில். இத்தாலிய அமாவாமோவிலும் அங்கேயே. ஸ்பானிய அமாபாமோஸில் அது இரண்டாம் அசைக்கு நகர்ந்துவிட்டது.

ஜூன் 6

இன்று ஏமாற்றும் பொறிகள். ‘வென்தெஸ்’ ஸ்பானியத்தில் ‘விற்கிறாய்’, லத்தீனில் ‘விற்பாய்’. லத்தீன் நிகழ்காலம் ‘வென்திஸ்’. அகராதியில் வேர்ச்சொல்லை மட்டும் பார்த்து ‘ஒத்துப்போகிறது’ என்று குறிப்பவர்கள் இங்கே சறுக்குவார்கள். காலம், இடம், எண் மூன்றையும் எழுதிய பிறகே குறி போட வேண்டும்.

இதைவிடப் பொல்லாதது ‘எஸ்’. லத்தீனில் ‘இருக்கிறாய்’, ஸ்பானியத்திலோ ‘இருக்கிறான்’, ஏனென்றால் அது ‘எஸ்த்’தின் தேய்வு. இரண்டும் மோதியதால் முன்னிலைக்கு ஸ்பானியம் லத்தீனின் எதிர்கால ‘எரிஸ்’ஸை இழுத்து ‘எரெஸ்’ ஆக்கிக்கொண்டது.

ஜூன் 9

பெயர்ச்சொல். லத்தீனில் ரோஜாவைக் குறிக்கும் ‘rosa’வை எடுத்துக்கொண்டால், ரோமன் எழுத்தில் எழுவாயும் நீங்கல் வேற்றுமையும் (‘ரோஜாவிலிருந்து’) ஒரே மாதிரி தெரியும். நம் குறில், நெடிலில் எழுதினால் குழப்பமில்லை: எழுவாய் ‘ரொஸ’, நீங்கல் ‘ரொஸா’. இந்த வேலைக்குத் தமிழ் எழுத்தே வசதி. (ப, த போன்ற எழுத்துகளின் ஒலி வகைகளைப் பிரிக்கத்தான் திணறும்.)

பன்மையில் ஸ்பானியத்தின் ரோசாஸ், முரோஸ் (சுவர்கள்) லத்தீன் இரண்டாம் வேற்றுமைப் பன்மையோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தும். இத்தாலிய ‘முரி’ லத்தீன் எழுவாய்ப் பன்மை ‘மூரீ’யோடு பொருந்தும். இத்தாலியம், ஸ்பானியம் இரண்டுக்கும் பொதுவான ஒருமை ‘முரோ’தான் ஏமாற்றும்: லத்தீன் நீங்கல் வேற்றுமை ‘மூரோ’ போலவே இருக்கும். இவ்விரு மொழிக்கும் அது வந்த வழி வேறு. இரண்டாம் வேற்றுமை ‘மூரும்’ மகரத்தை இழந்து, உகரம் ஒகரமானது. அட்டவணையில் இதை ‘தற்செயல்’ என்ற தனி வரிசையில் போடுவதே சரி.