கிட்டாரில் பிக்ஸ்பி பொருத்திய அனுபவம்

எட்டு ஆண்டுகளாக என்னிடம் இருக்கும், கிப்சனின் எஸ்ஜி மாதிரி வடிவ எலெக்ட்ரிக் கிட்டாருக்குச் சென்ற மழைக்காலத்தில் பிக்ஸ்பி பி5 என்ற வைப்ரேட்டோ (ஸ்வரத்தை ஏற்றி இறக்கி அசைக்கும்) டெயில்பீஸைப் பொருத்தினேன். மரத்தில் நான்கு திருகாணிகளை இறக்கும் வேலை ஒரே பிற்பகலில் முடிந்துவிட்டது. ஆனால் கிட்டார் சுருதியில் நிற்க அதன் பிறகு மூன்று வாரம் ஆனது. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு அந்த மூன்று வாரக் கதைதான் அதிகம் உதவும் என்று நினைக்கிறேன்.

சாதாரண டெயில்பீஸில் கம்பிகளின் குண்டு முனைகள் அசையாத ஓர் உலோகக் கட்டையில் மாட்டப்பட்டிருக்கும். பிக்ஸ்பியில் அந்தக் கட்டைக்குப் பதிலாகச் சுழலும் தண்டு ஒன்று இருக்கிறது. அதனோடு இணைந்த கைப்பிடியை அழுத்தும்போது தண்டு சற்றே சுழன்று ஆறு கம்பிகளும் ஒன்றாகத் தளர, ஸ்வரம் இறங்குகிறது. கையை எடுத்ததும் அடியிலுள்ள ஸ்பிரிங் கைப்பிடியை மேலே தள்ளிவிடுகிறது. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்குக் கம்பிதத்தை நினைவூட்டும் இந்த அசைவைப் பலர் டிரெமலோ என்கிறார்கள். உண்மையில் டிரெமலோ என்பது ஒலியின் அளவு கூடிக் குறைவது. 1954-இல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டரின் இதே போன்ற அமைப்புக்கு ஃபெண்டர் நிறுவனம் அந்தப் பெயரைச் சூட்டியதால் குழப்பம் நிலைத்துவிட்டது. கலிபோர்னியாவின் டவுனி நகரில் பட்டறை வைத்திருந்த பால் பிக்ஸ்பியிடம், தன் கிட்டாரிலிருந்த காஃப்மன் வைப்ரோலா என்ற பழைய வைப்ரேட்டோ கருவி சுருதியில் நிற்கவில்லை என்று கலைஞர் மெர்ல் டிராவிஸ் முறையிட்டதிலிருந்தே இந்தக் கருவி பிறந்தது. நானும் அதே முறையீட்டோடு மூன்று வாரம் அலைவேன் என்று அப்போது தெரியவில்லை.

பிக்ஸ்பியில் பல மாதிரிகள் உண்டு. தட்டையான மேற்பரப்புள்ள திண்ம உடல் கிட்டாருக்குப் பி5 ஏற்றது. கிப்சனின் லெஸ் பால் மாதிரி போல மேடிட்ட முகப்புக்குப் பி7. துளையிட மனமில்லாதவர்களுக்கு, பழைய டெயில்பீஸின் துளைகளிலேயே மாட்டிக்கொள்ளும் வைப்ராமேட் தகடு கிடைக்கிறது. பழமையான, விலைமதிப்புள்ள கிட்டாராக இருந்தால் நான் அதைத்தான் வாங்கியிருப்பேன். என் கிட்டார் அப்படிப்பட்டதன்று. நேரடியாகத் துளையிடவே முடிவு செய்தேன்.

முதலில் உடலின் இரு விளிம்புகளிலிருந்து அளந்து நடுக்கோடு போட்டேன். அது தவறு. கழுத்தின் நேர்கோட்டுக்கு உடலின் விளிம்பு சாட்சியாகாது. சந்தேகம் தட்டியதால், நட்டில் (கழுத்தின் தலைமுனையில் கம்பிகள் பதியும் வெட்டுகளுள்ள சிறு கட்டை) முதல் கம்பிக்கும் ஆறாம் கம்பிக்கும் உரிய வெட்டுகளிலிருந்து இரண்டு தையல் நூல்களைப் பிரிட்ஜ் (உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பாலம்) வழியாக இழுத்துப் பிக்ஸ்பியின் தண்டில் கட்டிப் பார்த்தபோது, நான் போட்ட கோடு மூன்று மில்லிமீட்டர் விலகியிருந்தது. அந்த இடத்தில் துளையிட்டிருந்தால் கம்பிகள் பிரிட்ஜைச் சாய்வாகக் கடந்திருக்கும். நூல்கள் இரண்டும் கழுத்தின் ஓரங்களிலிருந்து ஒரே இடைவெளியில் ஓடும்வரை பிக்ஸ்பியை நகர்த்தி, மாஸ்கிங் டேப்பின் மேல் குறியிட்டேன்.

எஸ்ஜியின் உடல் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர் தடிமன்தான் என்பதால், டிரில் பிட்டில் 15 மில்லிமீட்டருக்கு ஒரு டேப்பைச் சுற்றி ஆழத்துக்கு எல்லை வைத்துக்கொண்டேன். பாலிஷ் சிலாம்பாகப் பெயராமலிருக்க, பிட்டை முதலில் எதிர்த்திசையில் சுழலவிட்டு மேற்பூச்சை மட்டும் தேய்த்த பிறகே மரத்துக்குள் இறக்கினேன். திருகாணிகளின் மரைகளில் மெழுகுவத்தியைத் தேய்த்ததால் அவை முனகாமல் இறங்கின.

கம்பிகளைக் கட்டி ஆம்ப்ளிஃபயரில் இணைத்ததும் ஓயாத இரைச்சல் கேட்டது. வழக்கமாகக் கம்பியில் கை பட்டதும் அடங்கும் இரைச்சல் இப்போது அடங்கவில்லை. காரணம் என் மறதிதான்: இவ்வகைக் கிட்டார்களில் எர்த் வயர், பழைய டெயில்பீஸைத் தாங்கிய உலோகக் குழலுக்கு அடியில்தான் முடிகிறது, டெயில்பீஸைக் கழற்றியபோதே கம்பிகளுக்கும் எர்த்துக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. பிக்ஸ்பியை மறுபடி கழற்றி, அதன் பாதம் அமரும் இடத்திலிருந்து அந்தக் குழியை நோக்கிச் சாய்வாக 3 மில்லிமீட்டர் துளை ஒன்றைப் போட்டு, வயரை நீட்டி அதன் வழியே கொண்டுவந்தேன். பிக்ஸ்பி அலுமினிய வார்ப்பு. அலுமினியத்தில் சாதாரண ஈயம் ஒட்டாது. எனவே வயரின் தோலை உரித்து, இழைகளை விசிறிபோல விரித்து, பாதத்துக்கும் மரத்துக்கும் நடுவே நசுங்கும்படி வைத்துத் திருகாணியை இறுக்கினேன். மல்டிமீட்டரில் கம்பிக்கும் ஜாக்கின் வெளிவளையத்துக்கும் இடையே தடை ஏறக்குறைய பூஜ்யமாகக் காட்டியது; இரைச்சலும் அடங்கியது.

பிக்ஸ்பியில் கம்பி மாட்டுவதற்கு இரண்டு கைகள் போதாது என்று எல்லோரும் சொல்வது உண்மைதான். குண்டு முனையின் ஓட்டையைத் தண்டிலுள்ள சிறு முளையில் செருகி, மறுமுனையை டியூனரில் (கம்பியை முறுக்கும் திருகு) இழுத்துச் சுற்றுவதற்குள் அது நழுவிவிடும். முனைப் பக்கத்தில் இரண்டு சென்டிமீட்டரைப் பென்சிலில் சுற்றிக் கொக்கிபோல முன்பே வளைத்துக்கொண்டு, மாட்டியவுடன் தண்டுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைத் திணித்தால் முனை அசையாது. ஆறு கம்பிகளையும் ஒன்றாகக் கழற்றினால், வெறும் அழுத்தத்தால் மட்டுமே நிற்கும் ஸ்பிரிங் வெளியே விழுந்துவிடும். என்னுடையது கட்டிலுக்கு அடியில் உருண்டுபோனது. அதன் தலையிலிருந்த வாஷர் மறுநாள்தான் துடைப்பத்தில் அகப்பட்டது.

இனி சுருதிக்கு வருகிறேன். கைப்பிடியை ஒரு முறை அழுத்தி விட்டாலே மூன்றாம் கம்பி விலகிவிட்டது. பிக்ஸ்பியைத்தான் முதலில் சந்தேகித்தேன். பிறகு டியூனிங் மீட்டரை ஹெட்ஸ்டாக்கில் (டியூனர்கள் இருக்கும் தலைப்பகுதி) மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கம்பியாகக் கவனித்தபோது ஒரு ஒழுங்கு தெரிந்தது. அழுத்தும்போது கம்பி தளர்வதால், நட்டுக்கு அப்பாலுள்ள பகுதி தன் இறுக்கத்தால் கம்பியைக் கொஞ்சம் ஹெட்ஸ்டாக் பக்கம் இழுத்துக்கொள்கிறது. கைப்பிடியை விட்டதும் அது திரும்பி வர வேண்டும். நட்டின் வெட்டு அதைப் பிடித்துக்கொண்டால், ஒலிக்கும் பகுதியில் கம்பி குறைந்து ஸ்வரம் ஏறி நிற்கும். பிரிட்ஜில் சிக்கினால் கதை தலைகீழ்: அழுத்தும்போது முன்னே நழுவிய கம்பி பின்னுக்குத் திரும்பாமல் ஸ்வரம் இறங்கி நிற்கும். ஆக, அழுத்தி விட்ட பின் சுருதி ஏறியிருந்தால் நட்டையும், இறங்கியிருந்தால் பிரிட்ஜையும் பார்க்க வேண்டும். என் கிட்டாரில் மூன்றாம், நான்காம் கம்பிகள் ஏறின. ஐந்தும் ஆறும் இறங்கின.

மூன்றாம், நான்காம் கம்பிகள் ஏறியதில் வியப்பில்லை. பக்கத்துக்கு மூன்று டியூனர்கள் உள்ள, பின்னோக்கிச் சாய்ந்த ஹெட்ஸ்டாக்கில் அவை இரண்டும் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் அதிகம் வளைந்து போகின்றன. நுண்ணிய எமரி தாளைப் பழைய கம்பித் துண்டில் சுற்றி, வெட்டின் சுவர்களை மட்டும் மெல்லத் தேய்த்தேன். அடிப்பகுதியைத் தேய்த்தால் கம்பி தாழ்ந்து கழுத்தின் குறுக்கேயுள்ள முதல் உலோகப் பட்டையான ஃபிரெட்டில் இரைய ஆரம்பிக்கும். ஒரு மாலைக்கு நான்கைந்து இழுப்புகளுக்கு மேல் அனுமதித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் பென்சில் கரியைத் தூளாக்கி வெட்டுக்குள் தடவினேன். டியூனரைத் திருகும்போதெல்லாம் கேட்ட 'டிங்' என்ற சிறு ஓசை பத்தாம் நாள் நின்றது. அந்த ஓசைதான் கம்பி சிக்கிச் சிக்கி விடுபடுவதன் அடையாளம். எட்டு ஆண்டுகளாகக் கேட்டும் அதை நான் பொருட்படுத்தியதில்லை.

பிரிட்ஜ் பக்கம் சிக்கல் வேறு. பி5-இல் கம்பிகளைக் கீழே அழுத்திப் பிடிக்கும் இன்னொரு உருளை இருப்பதால், பிரிட்ஜின் மேல் அவை செங்குத்தான கோணத்தில் வளைந்து உராய்கின்றன. பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் அமரும் சிறு தாங்கிகளான சேடில்களின் கூர் விளிம்புகளை மெருகேற்றிப் பார்த்தும் பாதிதான் தீர்ந்தது. இறுதியில், தூண்களுக்கு இடையே அதே 74 மில்லிமீட்டர் உள்ள, சேடிலுக்குப் பதில் சிறு உருளைகள் கொண்ட பிரிட்ஜ் ஒன்றை வாங்கி மாற்றினேன்.

இப்போது கைப்பிடியை இருபது முறை அசைத்தாலும் ஐந்து கம்பிகள் அப்படியே நிற்கின்றன. தலைப்பக்கம் தாழ்ந்துகொண்டேயிருந்த எஸ்ஜி, பின்னால் ஏறிய அலுமினியக் கனத்தால் மடியில் ஒழுங்காக உட்காரவும் கற்றுக்கொண்டது. மூன்றாம் கம்பி மட்டும் புதிதாக மாட்டிய முதல் நாளில் இன்னும் ஒரு மயிரிழை ஏறுகிறது. வாசிக்கத் தொடங்கும் முன் கைப்பிடியை ஒரு முறை அழுத்தி விட்டு, அந்த நிலையிலேயே சுருதி சேர்த்துக்கொள்கிறேன்.