நாளைக்கு வயல்ல வந்து கேளு

யாழ்ப்பாணம் பலாலியில் விமானம் ஏறினால் ஒரு மணித்தியாலத்தில் திருச்சி. 2025 மார்ச் கடைசியில் இந்த விமானம் தொடங்கியபோதே ஆடிப்பெருக்குக்குப் போவதென்று முடிவெடுத்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. வழுக்கியாறு என்று ஒன்று உண்டு, மாரியில் மட்டும் ஓடும். ஆடி என்றால் எங்களுக்கு ஆடிப்பிறப்பு, பனங்கட்டிக் கூழ், கொழுக்கட்டை, அவ்வளவுதான். ஆற்றுக்குப் படையல் போடுகிற சனத்தை ஒருமுறை பார்த்துவிட ஆசை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஸ்ரீரங்கத்தில் காவிரிக்கரை அம்மா மண்டபம் படித்துறையில் விடியவே கால் வைக்க இடமில்லை. புதுச்சோடிகள் கலியாண மாலையைக் கொண்டுவந்து தண்ணீரில் விடுகிறார்கள், பெண்கள் பிள்ளையார் பிடித்து வைத்து, காப்பரிசி, பழம், காதோலை கருகமணி எல்லாம் பரப்பிப் படைத்துவிட்டு ஒருவருக்கொருவர் மஞ்சள் கயிறு கட்டிவிடுகிறார்கள், நடுவில் ஈரப் பாவாடையோடு பிள்ளைகள் ஓட்டம். நான் ஓரமாக நின்று, 'இல்லாமையிலும் என்ன ஒரு நிறைவு' என்று மனதுக்குள் கட்டுரையின் முதல் வரியை எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

லால்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஏழெட்டுப் பெண்கள் என்னையும் இருத்தி, இலையில் புளிச்சோறு வைத்தார்கள். எல்லாரும் வயல்வேலைக்காரர்கள். "சிலோனா? அங்க ஆடிப்பெருக்கு இல்லியா?" என்று ஒரே விசாரணை. புளிச்சோறு, சும்மா சொல்லக்கூடாது, அம்மாவிடம் சொல்லமுடியாத அளவுக்கு நன்றாக இருந்தது.

எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். 2021இலிருந்து அங்கே சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. "அதனாலதான் தம்பி வருசா வருசம் வர்றோம். முன்னெல்லாம் ஊர் வாய்க்காலோட சரி." நான் மரபு என்று நினைத்து ரசித்துக்கொண்டிருந்த கூட்டத்தில் பாதி, காசில்லாத பஸ்ஸில் வந்த கூட்டம்!

நடவு, களை இல்லாத நாட்களில் அரசாங்கத்தின் நூறு நாள் வேலைக்குப் போவார்களாம். தமிழ்நாட்டுக்கு 2025இல் அதற்கு நாளொன்றுக்கு 336 ரூபாய், அதுவும் ஏட்டில்தான், செய்த வேலையை அளந்துபார்த்துக் குறைத்துவிடுவார்களாம். பழம், பூ, பிள்ளைகளுக்குச் சட்டை எல்லாம் குழுக் கடனில் வாங்கியது, செவ்வாய்க்கிழமை தவணை கட்டவேண்டும். இதைச் சொல்லும்போதும் சிரிப்புத்தான். அந்தச் சிரிப்பு பொய்யில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம் நான் அந்தக் கேள்வியைக் கேட்டுத் தொலைத்தேன். "அக்கா, சந்தோசமா இருக்கிறீங்களா?"

கூட்டத்தில் மூத்தவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னைக்கு ஆத்துக்கு வந்திருக்கோம், சந்தோசத்துக்கு என்ன கொறச்சல். நாளைக்கு வயல்ல வந்து கேளு."

மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து இலைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு இன்னொரு கரண்டி சோறு விழுந்தது.

ஊருக்கு வந்து படங்களைக் காட்டியபோது அம்மா காவிரியைப் பார்த்து "எவ்வளவு தண்ணி!" என்று வாயைப் பிளந்தார். பெரியம்மாவுக்கு ஸ்ரீரங்கம் கோபுரம். எங்கள் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்கு வரும் அக்கா மட்டும் போனை வாங்கி, அந்தப் பெண்களின் படத்தை விரலால் பெருப்பித்துக் கனநேரம் பார்த்தார்.

"அங்கை நாட்கூலி எவ்வளவாம் தம்பி?"

எங்கடை காசுக்கு ஆயிரத்துச் சொச்சம் வரும் என்றேன். அம்மா எழும்பித் தேத்தண்ணி போடப் போனார்.