முதல் டாராவுக்குக் கிளம்புமுன்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்க மதுரைக்கோ திருச்சிக்கோ போகிறவர்கள், டாராடுமுமாப் (சுருக்கமாக டாரா) என்ற, டிரிப்பில் ஏற்றுகிற மருந்தை டாக்டர் எழுதியதும் கேட்பது "காலையில போயிட்டு ராத்திரிக்குள்ள வீடு திரும்பிடலாமா?" என்றுதான். மூன்றாவது தடவையிலிருந்து தாராளமாகத் திரும்பலாம். முதல் தடவைக்கு மட்டும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு ரூம் போட்டுக்கொண்டு போங்கள்.

கணக்கு இதுதான். கிலோவுக்கு 16 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 960 மில்லிகிராம், அதாவது 48 மில்லி மருந்து. வயல் 400, 100 மில்லிகிராம் என இரண்டு அளவில் வருகிறது. இவருக்கு இரண்டு பெரியது, இரண்டு சின்னது. முதல் தடவை இதை 1000 மில்லி நார்மல் செலைனில் கலப்பார்கள். டெக்ஸ்ட்ரோஸ் கூடாது. மருந்து எவ்வளவோ அவ்வளவு செலைனை முதலில் பையிலிருந்து உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் மருந்தை விட வேண்டும். பையைக் குலுக்கக் கூடாது, மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். இந்த மருந்து ஒரு புரதம், குலுக்கினால் கெட்டுவிடும். டிரிப் லைனில் 0.2 மைக்ரான் ஃபில்டர் இருக்க வேண்டும். அதே லைனில் வேறு எந்த மருந்தையும் சேர்த்து விடக்கூடாது.

முதல் ஒரு மணி நேரம் மணிக்கு 50 மில்லி வேகம். பிரச்சினை இல்லையென்றால் ஒவ்வொரு மணிக்கும் வேகத்தை 50 மில்லி கூட்டிக்கொண்டே போகலாம், 200-க்கு மேல் கூட்டக் கூடாது. முதல் மூன்று மணி நேரத்தில் 300 மில்லிதான் உள்ளே போயிருக்கும். மீதி 700-க்கு மூன்றரை மணி. ஆக ஆறரை மணி நேரம், அதுவும் நடுவில் ஒரு தடவைகூட நிறுத்தாமல் ஓடினால். இதற்கு முன்னால் எடை பார்த்து, ரத்த எண்ணிக்கை ரிப்போர்ட் வந்து, பார்மசியில் கலந்து முடிக்கிற நேரமும் இருக்கிறது. இன்ஃப்யூஷன் பம்ப் இல்லாமல் கையால் சொட்டு எண்ணி விடுகிற இடமாக இருந்தால், சாதாரண செட்டில் 50 மில்லி என்பது நிமிடத்துக்கு சுமார் 17 சொட்டு. கை அசைந்தாலே வேகம் மாறிவிடும். முதல் டோஸுக்காவது பம்ப் கேளுங்கள்.

அடுத்த தடவை 500 மில்லி, சுமார் 4 மணி நேரம். மூன்றாவது தடவையிலிருந்து மணிக்கு 100 மில்லியில் ஆரம்பிப்பதால் மூன்றேகால் மணி நேரம். முந்தைய தடவை ஒத்துக்கொண்டால்தான் இந்தச் சலுகை. முதல் டோஸையே பாதி பாதியாக இரண்டு நாள் ஏற்றுவதும் உண்டு. எழுபது தாண்டிய ஆச்சிக்கெல்லாம் அதுவே நல்லது.

ஏற்றுவதற்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் முன்பே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, பாராசிட்டமால், அலர்ஜி ஊசி மூன்றும் போயிருக்க வேண்டும். மாண்டெலூகாஸ்ட் என்ற ஆஸ்துமா மாத்திரை 10 மில்லிகிராமும் பல இடங்களில் சேர்க்கிறார்கள். இவ்வளவு செய்தும், முதல் தடவையில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதாவது ஒன்று வருகிறது. பெரும்பாலும் ஏற்ற ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம் ஆகும் வாக்கில், தொண்டை கரகரப்பு, மூக்கடைப்பு, இருமல், குளிர் நடுக்கம். புற்றுநோய் அணுக்களின் மேல் டாரா போய் ஒட்டுகிற சிடி38 என்ற புரதம் மூச்சுக்குழாய்த் தசையிலும் இருப்பதுதான் இதற்குக் காரணம் என்கிறார்கள். "லேசா தொண்டை அரிக்குது" என்றால்கூட அப்போதே நர்ஸிடம் சொல்ல வேண்டும். டிரிப்பை நிறுத்தி, மருந்து கொடுத்து, அடங்கியதும் பாதி வேகத்தில் மறுபடி ஆரம்பிப்பார்கள். பொறுத்துக்கொண்டு படுத்திருப்பதில் லாபமே இல்லை. ஆஸ்துமா, சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) உள்ளவர்கள் இன்ஹேலரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். மறுநாளும் மூச்சுத் திணறல் வரக்கூடும். ரூம் போடச் சொன்னது அதற்காகவும்தான்.

ஸ்டீராய்டு போன அன்றும் மறுநாளும் சர்க்கரை எகிறும். ஊருக்கு வந்த கையோடு கவுனி அரிசியும் கந்தரப்பமும் வைத்து உபசரிப்பதை இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள்.

பலரும் கோட்டை விடுவது ரத்த குரூப் விஷயத்தில். சிவப்பணுக்களின் மேலும் சிடி38 கொஞ்சம் உண்டு. டாரா அதிலும் ஒட்டிக்கொள்வதால், ஏற்றப்போகிற ரத்தம் பொருந்துமா என்று கிராஸ் மேட்ச் பார்க்கும்போது எந்தப் பாட்டில் ரத்தமும் சேராதது போலக் காட்டும். கடைசி டோஸுக்குப் பிறகும் ஆறு மாதம் வரை இப்படி இருக்கலாம். ஏ, பி, ஓ குரூப்பும் ஆர்எச்சும் மாறாது. ஆகவே முதல் டோஸுக்கு முன்பே ஆன்டிபாடி ஸ்கிரீனிங் செய்து, முடிந்தால் கெல் போன்ற மற்ற ரத்த வகைகளையும் பார்க்கிற விரிவான டைப்பிங்கும் எடுத்து, அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு ஊரில் ஒரு நர்ஸிங் ஹோமில் அவசரமாக ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால், அந்த அட்டைதான் ரத்த வங்கிக்கு வழி காட்டும். லேபில் சோதனையின்போது டிடிடி என்ற ரசாயனம் போட்டால் இந்தக் குழப்பம் நீங்கும்; ஆனால் அது கெல்லையும் அழித்துவிடுவதால் கெல் நெகட்டிவ் ரத்தமாகக் கொடுப்பார்கள்.

ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும். பழைய தொற்று தூங்கிக்கொண்டிருந்தால் இந்த மருந்தில் விழித்துவிடும். அக்கி வராமலிருக்க அசைக்ளோவிர் ஆரம்பிப்பார்கள். மருந்து முடிந்து மூன்று மாதம் வரை அது தொடரும். வளவு (வீட்டு முற்றம்) நிறைய ஆள் கூடுகிற சாந்தி (அறுபதாம், எண்பதாம் கல்யாணம்), கல்யாணம் எல்லாம் மாஸ்க்கோடு, தலையைக் காட்டிவிட்டுத் திரும்புகிற அளவில் போதும். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

டாராவைத் தனியாகவோ, லெனலிடோமைடு என்ற இன்னொரு மைலோமா மருந்தோடு சேர்த்தோ கொடுத்தால் முதல் 8 வாரம் வாராவாரம், 24-வது வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் நான்கு வாரத்துக்கு ஒரு தடவை. போர்ட்டெஸோமிப் என்ற மைலோமா மருந்தோடு சேர்த்தால் அட்டவணை வேறு. ஒரு தடவை தவறினால் அடுத்த தேதி வரை விடாமல் சீக்கிரம் போட்டுக்கொண்டு, அதிலிருந்து இடைவெளியைக் கணக்கிட வேண்டும்.

டிரிப்புக்குப் பதிலாக டாராவையே வயிற்றுத் தோலுக்கடியில் 15 மில்லி, 1800 மில்லிகிராம், ஐந்து நிமிடத்துக்குள் போடுகிற ஊசியும் இருக்கிறது. எடை என்னவானாலும் அதே அளவு. முதல் நாள் தொந்தரவும் கணிசமாகக் குறைவு. தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு எங்கள் ஓட்டு இதற்குத்தான். ஆனால் 45 கிலோ ஆளுக்கு டிரிப்பில் 720 மில்லிகிராம்தான் செலவாகும் என்பதால் இரண்டுக்கும் விலை கேட்டுப் பாருங்கள்.

சில மாதம் கழித்து எம் புரத (மைலோமா அணுக்கள் ரத்தத்தில் விடுகிற புரதம்) ரிப்போர்ட்டில் ஐஜிஜி கப்பா என்று மெல்லிய கோடு தெரிந்தால் உடனே கலங்க வேண்டாம். டாராவே ஐஜிஜி கப்பா வகை ஆன்டிபாடி. கோடு அதனுடையதாகவும் இருக்கலாம். ரத்தம் கொடுக்கும்போதே டாரா ஓடுகிறது என்று லேப் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். இரண்டையும் பிரித்துக் காட்டத் தனிச் சோதனை உண்டு.