மின்னோட்டத்தின் காந்த விளைவு: கணக்கிடுவதற்கு முன் திசை

மின்னோட்டம் பாயும் கடத்திகளின் காந்தப்புலம் பற்றிய பாடத்தைத் தேர்வுக்காகப் படித்தபோது எனக்குப் பெரிதும் கைகொடுத்தது, சூத்திரத்தைத் தொடுவதற்கு முன்பே படம் வரைந்து புலத்தின் திசையைக் குறித்துவிடும் பழக்கம்தான். 1820இல் டேனிஷ் இயற்பியலாளர் ஓயர்ஸ்டெட் கண்டது இதற்கு அடிப்படை: மின்னோட்டம் பாய்ந்த கம்பியின் அருகிலிருந்த காந்த ஊசி, கம்பியை நோக்கி ஈர்க்கப்படாமல், அதற்குக் குறுக்காகத் திரும்ப முயன்றது. அதாவது, புலக்கோடுகள் நேர்க்கம்பியைச் சுற்றி வட்டங்களாக அமைகின்றன. இதை உணர்ந்தபின் வலக்கைப் பெருவிரல் விதி தானாகவே நினைவில் நிற்கும். பெருவிரல் மின்னோட்டத் திசையைக் காட்டுமாறு கம்பியைப் பற்றினால், மடங்கிய விரல்கள் புலத்தின் திசையைக் காட்டும்.

கம்பியின் ஒவ்வொரு சிறு துண்டும் தரும் புலத்தைக் கூட்டி மொத்தப் புலத்தைக் காணும் பயட்–சாவர்ட் விதியில், மாணவர்கள் தொகையிடலைக் கண்டு அஞ்சுகிறார்கள். ஆனால் தேர்வில் வரும் கணக்குகள் பலவற்றுக்கு அது தேவைப்படுவதே இல்லை. 5 செ.மீ. ஆரமுள்ள அரைவட்டமாக வளைக்கப்பட்ட ஒரு கம்பியின் இரு முனைகளும், மையத்தின் வழியே செல்லும் நேர்கோட்டில் இருபுறமும் நீள்வதாகவும், அதில் 5 ஆம்பியர் பாய்வதாகவும் கொள்வோம். நேரான பகுதிகளில் மின்னோட்டத்தின் திசையும் மையத்தை நோக்கிய திசையும் ஒரே கோட்டில் அமைவதால், விதியில் வரும், அவற்றுக்கு இடையிலான கோணத்தின் சைன் மதிப்பு பூச்சியமாகி, அவை மையத்தில் எந்தப் புலத்தையும் தருவதில்லை. எஞ்சுவது அரைவட்டம் மட்டுமே. முழு வட்டம் தரும் 62.8 மைக்ரோ டெஸ்லாவில் பாதியாகிய 31.4 மைக்ரோ டெஸ்லா விடையாகக் கிடைக்கும். அதே நேர்ப்பகுதிகள் அரைவட்டத்தின் முனைகளில் தொடுகோடுகளாக ஒரே பக்கம் நீண்டு, கம்பி கொண்டை ஊசி வடிவில் இருந்தால், அவையும் அரைவட்டத்தின் புலத்தோடு ஒரே திசையில் கூடும். இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வரைந்து பார்ப்பது, பத்துக் கணக்குகளைப் போடுவதற்குச் சமம் என்பேன்.

ஒரு மூடிய பாதையைச் சுற்றியுள்ள புலத்தை அதனூடே பாயும் மின்னோட்டத்தோடு இணைக்கும் ஆம்பியரின் சுற்று விதி, சமச்சீர் உள்ள இடங்களில் மட்டும் விரைவாகப் பயன்படும். வரிச்சுருள் (நெருக்கமாகச் சுற்றப்பட்ட நீண்ட கம்பிச்சுருள்) கணக்கில் மொத்தச் சுற்றுகளை அல்லாமல் ஓரலகு நீளத்துக்கான சுற்றுகளையே பிரதியிட வேண்டும்.

விடையைச் சரிபார்க்க ஓர் அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: 1 ஆம்பியர் பாயும் நீண்ட நேர்க்கம்பியிலிருந்து 1 செ.மீ. தொலைவில் புலம் 20 மைக்ரோ டெஸ்லா. இது புவியின் காந்தப்புலத்தை ஒத்த அளவு. உங்கள் விடை இதிலிருந்து நூறு மடங்கு விலகியிருந்தால், சென்டிமீட்டரை மீட்டராக மாற்றினீர்களா என்று முதலில் பாருங்கள்.

இணைக்கம்பிகளில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். இரண்டிலும் சமமான மின்னோட்டம் ஒரே திசையில் பாய்ந்தால், நடுப்புள்ளியில் புலங்கள் ஒன்றையொன்று நீக்கிவிடும். ஆயினும் கம்பிகள் ஒன்றையொன்று ஈர்க்கும். ஏனெனில், ஒரு கம்பியின் மீது செயல்படும் விசையை முடிவுசெய்வது, அந்தக் கம்பி இருக்கும் இடத்தில் மற்றக் கம்பி உண்டாக்கும் புலமே அன்றி, நடுவிலுள்ள புலம் அல்ல.