தண்ணீர்மலைக்கு ஐந்து வருடம் கடன்பட்டிருந்த ஒன்பது தேங்காய்கள்

நேர்ந்ததைச் செலுத்தாமல் வைத்திருந்தால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான், நமக்குத்தான் தூக்கம் வராது என்பார் பெரியம்மா. ஐந்து வருடமாக அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தவை ஒன்பது தேங்காய்கள்.

2020 நவம்பரில் அமெரிக்காவில் தேர்தல். "அந்தப் பொண்ணு துணை அதிபரா வந்துட்டா, தண்ணீர்மலை ஏறி அர்ச்சனை பண்ணி ஒம்பது காய் உடைக்கிறேன்" என்று பெரியம்மா நேர்ந்துகொண்டார். தண்ணீர்மலை, பினாங்கில் இருக்கும் முருகன் மலைக்கோயில். கமலா ஹாரிஸ் ஜெயித்தார். 2021 ஜனவரி 20இல் பதவியும் ஏற்றார். ஆனால் அது கொரோனா காலம், வீட்டு வாசலைத் தாண்டுவதே பெரிய காரியம். அப்புறம் பெரியம்மாவுக்கு முட்டி வலி. அது கொஞ்சம் தேறியபோது பெரியப்பா தவறிவிட்டார். ஒரு வருடம் மலைக்கோயில் ஏறக்கூடாது என்றார்கள். இதற்குள் 2024 நவம்பர் வந்து, அதிபர் தேர்தலில் கமலா தோற்றும் போனார். இனி எதற்கு இந்த நேர்த்திக்கடன் என்று நாங்கள் நினைத்தோம். "நான் வேண்டிக்கிட்டது 2020க்கு. கடன் கடன்தான்" என்றார் பெரியம்மா.

அதனால்தான் ஒரு சனிக்கிழமை விடியலில் நானும் என் மகனும் கோலாலம்பூரிலிருந்து ஈ.டி.எஸ். ரயில் ஏறினோம். பட்டர்வொர்த் வரைக்கும் நாலு மணி நேரத்துக்குக் கிட்ட. ஈப்போ தாண்டியதும் மகன் கேட்டான்.

"அம்மா, அவங்க ஜெயிச்சதுக்குப் பாட்டி ஏன் காய் உடைக்கணும்? இனத்தைப் பார்த்துக் கொண்டாடுறதும் இனத்தைப் பார்த்து ஒதுக்குறதும் ஒரே கணக்குதானே? இங்க எல்லா விண்ணப்பப் பாரத்துலயும் 'இனம்'னு ஒரு கட்டம் வருது. அதைப் பார்த்தா நமக்கு எரியுதுல்ல?"

அவனுக்கு இருபது வயது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி வைத்திருந்தும் கேட்ட படிப்பு கிடைக்காமல் போனவன். காரணம் அந்தக் கட்டம்தான் என்று நம்புகிறான். அப்படித்தான் என்று காட்ட என்னிடம் தாள் ஒன்றும் இல்லை, அப்படி இல்லை என்று சொல்ல வாயும் வரவில்லை. அவன் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ரயிலில் என்னிடம் பதில் இல்லை.

பெரியம்மா பெர்ரி துறையில் காத்திருந்தார். மஞ்சள் சேலை, கையில் பிரம்புக் கூடை, கூடைக்குள் மஞ்சள் பூசிய ஒன்பது காய்கள். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். மகன் வாங்கப் போனான், கொடுக்கவில்லை. "வேண்டுதல் காய். நான்தான் தூக்கணும்."

பெர்ரி நகர்ந்ததும் அவர் துறைமுகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை தடவை கடந்தாலும் அப்படித்தான். அவர் 1952இல் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில், லயத்து வீட்டில் பிறந்தவர். 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று வந்தபோது, அவருடைய சித்தப்பா குடும்பம் மூட்டை கட்டியது. இந்தத் துறைமுகத்தில்தான் ரஜூலா கப்பல் ஏறியது. நாகப்பட்டினத்தில் இறங்கி, பார்த்தே இராத ஊரைச் 'சொந்த ஊர்' என்று தேடிப் போனது. பெரியம்மாவிடம் குடியுரிமை உள்ளவர்களுக்கான நீல அட்டை இருந்ததால் தங்கினார். 1972இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை திறந்த பிறகு அங்கே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குப் போனார். பூதக்கண்ணாடிக்கு அடியில் கம்பி வைத்துத் தைக்கிற வேலை. முப்பது வருடம் பார்த்தார். லைன் லீடராகக்கூட ஆனதில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஆனார்கள்.

தண்ணீர்மலை அடிவாரத்தில் இறங்கும்போது மணி பதினொன்று. தைப்பூசத்தன்று இந்தச் சாலையில் கால் வைக்க இடம் இருக்காது. செட்டியார்களின் வெள்ளி ரதம் ஒரு பக்கம், 2017 முதல் தங்க ரதம் ஒரு பக்கம், இரண்டுக்கும் முன்னால் சீனர்கள் மலை மலையாகக் குவித்து உடைக்கும் தேங்காய், வெள்ளமாக ஓடும் இளநீர். அன்றைக்கு எதுவும் இல்லை. பூங்காவனத்துப் பக்கமிருந்து வந்த குரங்குகளும் பூக்கடை அக்காவும்தான். பிள்ளையாருக்கு முதல் காயை உடைத்தார் பெரியம்மா. மிச்சம் எட்டும் இறங்கி வந்த பிறகு என்று கூடையைப் பூக்கடையில் வைத்தார்.

513 படி. எழுபத்து மூன்று வயது முட்டிக்கு அது என்ன என்பது கூடவே ஏறினால்தான் தெரியும். இருபது படிக்கு ஒருமுறை நின்றோம். கைப்பிடிக் கம்பி வெயிலில் சுட்டது. அவர் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு கம்பியைப் பிடித்தார், ஒவ்வொரு படிக்கும் "முருகா" என்று ஒரு மூச்சு. மகன் அந்த நிறுத்தங்களில்தான் வழக்காடினான்.

"பாட்டி, அவங்க தாத்தா இந்தியாவுல பெரிய அரசாங்க அதிகாரி. அம்மா 1958லயே பத்தொன்பது வயசுல அமெரிக்காவுக்கு ஆராய்ச்சி படிக்கப் போனவங்க. நம்ம ஆளுங்க பால் மரம் சீவ வந்தவங்க. தமிழ்ங்கற ஒரு சொல்லைத் தவிர நமக்கும் அவங்களுக்கும் என்ன இருக்கு? அதுவுமில்லாம, காஸாவுல குண்டு விழுந்தப்ப ஆயுதம் கொடுத்த அரசாங்கத்துலதானே இருந்தாங்க?"

பெரியம்மா மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார். "அதைக் கேளு. நிறுத்திக் கேளு. யாரா இருந்தாலும் கேளு. நான் அதுக்குக் காய் நேரலை. அந்த நாற்காலியில அவளுக்கு முன்னாடி உக்காந்தவங்க எத்தனை பேரு?"

"நாப்பத்தெட்டு."

"அதுல பொம்பளை?"

"ஒருத்தரும் இல்ல."

"கறுப்புப் பொம்பளைன்னா வாசல்லயே நிறுத்திருப்பாங்க. அந்த வாசல் திறந்துச்சுல்ல, அதுக்குத்தான் காய்."

அடுத்த நிறுத்தத்தில் எனக்கு நந்தனார் நினைவு வந்தது. நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்றே காலம் தள்ள வேண்டியிருந்ததால் திருநாளைப்போவார் ஆனவர். திருப்புன்கூரில் வெளியே நின்று எட்டிப் பார்த்தவருக்காகச் சிவலோகநாதர் நந்தியை விலகச் சொன்னார். இன்றைக்கும் அந்த நந்தி நேர்க்கோட்டில் இல்லாமல் தள்ளித்தான் இருக்கிறது. பெரியபுராணத்தில் சேக்கிழார், நந்தனார் எந்தக் குலம் என்பதை மறைக்கவில்லை. திருநீலகண்டர் குயவர், அதிபத்தர் பரதவர், கண்ணப்பர் வேடர் என்று பிறப்பைச் சொல்லித்தான் கதையைத் தொடங்குகிறார். நந்தனாரின் பிறப்பை அழித்துவிட்டால் அந்தக் கதையில் என்ன மிஞ்சும்? ஒருவர் சாமி கும்பிட வந்தார், ஒரு மாடு நகர்ந்தது. அவ்வளவுதான். ஏன் நகர வேண்டியிருந்தது என்பதே தெரியாது.

1939 ஜூலை 8ஆம் தேதி மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் அழைத்துப் போனவர்களில் ஒருவர் கக்கன். பின்னாளில் சென்னை மாநிலத்தில் அமைச்சரானவர். அன்றைக்கு நடந்ததைச் சாதியைச் சொல்லாமல் சொல்லிப் பாருங்கள். சிலர் கோயிலுக்குள் போனார்கள். அது செய்தியா? தினமும் ஆயிரம் பேர் போகிறார்கள். பிறப்பைச் சொல்லித் தடுத்தவர்கள் இருந்ததால்தான் பிறப்பைச் சொல்லி அந்த நாளை நினைக்கிறோம். அடைத்தபோது இனத்தைப் பார்த்து அடைத்துவிட்டு, திறந்தபோது மட்டும் இனத்தைப் பேசாதே என்றால், இவ்வளவு நாள் அடைத்து வைத்தது யார் என்ற கேள்வியும் சேர்ந்து மறைந்துபோகும். ரயிலில் வராத பதில் எனக்கு அங்கே, இருநூறு சொச்சம் படியில் வந்தது. மகனிடம் சொன்னேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த இருபது படிக்கும் பேசாமல் வந்தான்.

மேலே ஏறிப் பிரகாரத்தில் நின்றால் ஜார்ஜ் டவுன் முழுக்கத் தெரியும். கடல், பாலம், நடுவில் கொம்தார் கோபுரம். மாநில அரசின் அலுவலகங்கள் இருக்கும் இடம். 2008 மார்ச் தேர்தலுக்குப் பிறகு பேராசிரியர் பி. இராமசாமி பினாங்கின் இரண்டாம் துணை முதல்வரானார். மலேசியாவில் எந்த மாநிலத்திலும் இந்தியர் ஒருவர் துணை முதல்வரானது அதுதான் முதல் தடவை. அன்றைக்குப் பெரியம்மா தொழிற்சாலைத் தோழிகளைக் கூப்பிட்டுப் பாயசம் கொடுத்தார். அதே வருடம் நவம்பரில் ஒபாமா ஜெயித்தபோது மறுபடியும் பாயசம்.

இதில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. 2023 ஆகஸ்டில் இராமசாமிக்குப் பிறகு அந்தப் பொறுப்புக்கு ஜக்தீப் சிங் டியோ வந்தார். பஞ்சாபி. எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவிலேயே "தமிழன் இடம் போச்சே" என்று குரல் எழுந்தது. பதினைந்து வருடத்துக்கு முன் இந்தியருக்கு வாசல் திறந்தது என்று பாயசம் குடித்த அதே வாய்கள். திறந்த வாசலுக்கு நாமே பட்டா எழுதிக்கொள்கிறோம். அதோடு நிற்பதும் இல்லை. 2020இல் அதே குழுவில் மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரத்திலிருந்து படங்கள் வந்தன. கமலாவின் தாத்தா ஊர். தர்ம சாஸ்தா கோயிலில் அபிஷேகம், நன்கொடையாளர் கல்வெட்டில் கமலா பெயர். எல்லாரும் கைகூப்பி அனுப்பிக்கொண்டிருந்தபோது ஒருத்தர் கேட்டார்: "அவங்க என்ன ஆளுங்க?" பெரியம்மா அன்றைக்கு அந்தக் குழுவை விட்டு வெளியேறியவர்தான், இன்னும் திரும்பவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கமலாவின் அப்பா ஜமைக்காவில் பிறந்தவர். கமலா தன்னைக் கறுப்பினப் பெண் என்று சொல்லிக்கொள்பவர், கறுப்பினத்தவருக்கென்று உருவான ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தவர். நாம் கொண்டாடியபோது அந்தப் பாதியை வெட்டிவிட்டுத்தான் கொண்டாடினோம். இந்தியரை இழிவாகக் குறிக்கும் 'கெலிங்' என்ற சொல்லைக் கேட்டுக் கூனிக் குறுகி வளர்ந்த நாம், கோலாலம்பூர் தெருவில் ஆப்பிரிக்க மாணவனைக் கண்டால் 'காப்பிரி' என்று வாய் கூசாமல் சொல்கிறோம். அவருடைய கறுப்பு நம் வீட்டுக்குள் வரக்கூடாது, பதவி மட்டும் வரலாம் என்றால் அந்தப் பாயசம் எனக்கு இறங்கவில்லை.

சன்னிதியில் கூட்டம் இல்லை. பாலதண்டாயுதபாணிக்குச் சந்தனக் காப்பு. எங்கள் பக்கத்தில் ஒரு சீனப் பாட்டி, பட்டை பட்டையாகத் திருநீறு, கையில் எங்களைப் போலவே அர்ச்சனைத் தட்டு. குருக்கள் அவரிடம் பேர் கேட்டார். அவர் மகன் பெயரைச் சொல்லி, பிறந்த தேதியைச் சொல்ல, குருக்கள் அதை நட்சத்திரமாக மாற்றிச் சங்கல்பம் செய்தார். அடுத்து எங்களிடம் வந்தார்.

"பேரு?"

"கமலா."

"நட்சத்திரம்?"

பெரியம்மா திகைத்தார். ஐந்து வருடம் இதை யோசித்ததே இல்லை போலும். மகன் சட்டென்று சொன்னான்: "1964, அக்டோபர் 20."

நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் சன்னிதியையே பார்த்துக்கொண்டிருந்தான். குருக்கள் ஒரு கணம் யோசித்து, "பிறந்த நேரம் தெரியுமாம்மா?" என்றார். தெரியாது. "அப்ப சுவாமி பேருக்கே பண்ணிடறேன்" என்றார். மணி அடித்தது. தீபம் எழுந்தபோது பெரியம்மாவின் உதடு எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிந்து தாடையில் நின்றது, துடைக்கவில்லை. முட்டி வலியோடு நின்றபடியே கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். என் பிள்ளைக்கு அந்தக் கட்டம் இல்லாத ஒரு பாரம் வேண்டும் என்று கேட்டேன். அது வரும்வரை, அந்தக் கட்டத்தில் இருப்பவன் எந்த வாசலில் முதலில் நுழைந்தாலும் பார்த்துச் சந்தோஷப்படும் மனசு வேண்டும் என்றும் கேட்டேன்.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். மகன் ஒரு படி முன்னால் இறங்கி, தோளைக் கொடுத்தான். பெரியம்மா அதைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினார்.

அடிவாரத்தில் கூடையை வாங்கினோம். ஒவ்வொரு காயின் மேலும் ஒரு கட்டி சூடம் ஏற்றி, மூன்று சுற்றுச் சுற்றி, எறிந்தார். வயசான கையா என்று கேட்கிற மாதிரிச் சிதறின. ஏழு. எட்டாவது காய் உடையவில்லை. தரையில் பட்டு, எகிறி, உருண்டு, சாக்கடை ஓரத்தில் போய் நின்றது. பூக்கடை அக்கா "அச்சச்சோ" என்றார்.

யாரும் சொல்லாமலேயே மகன் போனான். குனிந்து எடுத்து, சட்டை நுனியால் மண்ணைத் துடைத்து, பாட்டியிடம் நீட்டினான். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. சூடத்தை மறுபடி அதன் மேல் வைத்துக் கொளுத்தினார்.

"நீ போடு."

"வேண்டுதல் காய், நீங்கதான் தூக்கணும்னீங்க."

"தூக்கிட்டு வந்துட்டேன்ல. கை சுடறதுக்குள்ள போடு."

அவன் மூன்று சுற்றுச் சுற்றினான். இடமா வலமா என்று நடுவில் ஒரு கணம் தடுமாறினான். பிறகு கையை ஓங்கி, பலமெல்லாம் திரட்டி எறிந்தான்.